பட்டறை அறிவு யாருடைய சொத்து?

சிறுதொழில்களின் பிரச்சினை என்றால் வழக்கமாக மூன்று விஷயங்கள் பேசப்படும். ஒன்று கடன், இரண்டாவது மின்சாரம், மூன்றாவது, பெரிய கம்பெனிகளிடமிருந்து காலத்தில் வந்து சேராத பணம். தொழிற்சங்கங்களின் மனுக்களிலும், தொழிலதிபர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களிலும், பட்ஜெட்டுக்கு முந்திய ஆலோசனைக் கூட்டங்களிலும் ஆண்டுதோறும் இவையே இடம்பெறுகின்றன. மூன்றும் நியாயமான குறைகளே. ஆனால் நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்த மனுவும் பேசுவதில்லை. ஒரு பட்டறை இருபது முப்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட தொழில் அறிவு எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அந்த ஆள் விலகிப் போனால் அது என்ன ஆகும் என்பதே அந்த நான்காவது விஷயம்.

நிர்வாகவியல் புத்தகங்களில் இதற்கு ‘அறிவு மேலாண்மை’ என்று பெயர். பெயரைக் கேட்டாலே சிறு பட்டறை முதலாளி, இது ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சமாசாரம் என்று ஒதுங்கி விடுவார். உண்மையில் அவர் தினமும் கையாளும் விஷயம்தான் அது. புதிய ஆர்டர் ஒன்று வந்ததும், “இதை மாதிரி ஒண்ணு முன்னாடி செஞ்சிருக்கோமே, அப்ப என்ன பண்ணினோம்?” என்று அவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறாரோ, அந்த ஆளின் தலைக்குள் இருப்பதுதான் பட்டறையின் அறிவு. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் பட்டறை புதிய பொருளைச் செய்யத் துணிகிறது. பதில் கிடைக்காத பட்டறை பழைய வேலையையே குறைந்த கூலிக்குச் செய்துகொண்டிருக்கிறது.

பீன்யாவின் தாய் வீடு

பெங்களூரின் வடமேற்கில் உள்ள பீன்யா தொழிற்பேட்டையை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1970களின் இறுதியில் உருவான இந்தப் பேட்டையில் ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. கடைசல், மில்லிங், கிரைண்டிங், வெப்பப் பதனம், முலாம் பூச்சு, அச்சு தயாரிப்பு என்று உலோக வேலையின் எல்லாப் பிரிவுகளும் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பட்டறைகள் இங்கே எப்படி வந்தன? நிலம் மலிவாகக் கிடைத்தது என்பது பாதி விடைதான்.

மீதிப் பாதி பொதுத்துறை ஆலைகளில் இருக்கிறது. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகம், 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று அடுத்தடுத்து வந்த ஆலைகள் பெங்களூரைக் கைதேர்ந்த தொழிலாளர்களின் ஊராக மாற்றின. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் கம்பெனியின் கூட்டுறவோடு தொடங்கிய எச்.எம்.டி., இயந்திரங்களை மட்டும் உற்பத்தி செய்யவில்லை. இயந்திரம் செய்யத் தெரிந்த ஆட்களையும் உற்பத்தி செய்தது. அப்ரண்டிஸாகச் சேர்ந்து அரம் பிடிப்பதில் தொடங்கி, அளவெடுக்கவும் வரைபடம் வாசிக்கவும் கற்றுக்கொண்ட இளைஞர்களில் தமிழர்கள் கணிசமான பேர். அல்சூரிலிருந்தும் ஜாலஹள்ளியிலிருந்தும் சைக்கிளில் ஷிப்ட் வேலைக்குப் போன டர்னர்களையும் ஃபிட்டர்களையும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் காணலாம்.

இப்படிப் பயின்றவர்களில் சிலர் பின்னாளில் சொந்தமாக ஒரு லேத் போட்டுத் தொழில் தொடங்கினார்கள். வேறு சிலர் பீன்யாவின் சிறு பட்டறைகளில் செட்டராகவும் மேற்பார்வையாளராகவும் சேர்ந்தார்கள். மத்திய இயந்திரத் தொழில்நுட்ப நிலையம் 1960களிலும், டென்மார்க்கின் உதவியோடு அரசு கருவிக்கூடப் பயிற்சி மையம் 1972இலும் பெங்களூரில் வந்தது இந்த அறிவுக்கு இன்னும் வலு சேர்த்தது. ஆக, சர்க்கார் பணத்தில் உண்டான பயிற்சியை ஒரு தலைமுறை முழுவதும் சிறுதொழில்கள் இலவசமாகவே பெற்றன எனலாம். அந்த ஊற்று இன்று வற்றிவிட்டது. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட 2016ஆம் ஆண்டு மத்திய அரசு முடிவெடுத்தது; தொலைபேசித் தொழிலகமும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆட்களைக் குறைத்துக்கொண்டது. பட்டறைகளின் அறிவுக்குத் தாய் வீடு என்று ஒன்று இப்போது இல்லை.

மூன்று மூலை வட்டம்

பட்டறை அறிவு என்று பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

மெல்லிய சுவர் கொண்ட ஓர் உலோக வளையம். அதை லேத்தின் மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்து உட்துளையைக் கடைய வேண்டும். இறுக்கும்போது வளையம் மூன்று இடங்களில் சற்றே உள்வாங்கும். அந்த நிலையில் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை துளை சரியான வட்டமாகவே இருக்கும். சக்கைத் தளர்த்தியவுடன் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். துளை மூன்று மூலை கொண்டதாக மாறிவிடும். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், இரண்டு முனைகளால் அளக்கும் கருவியைக் கொண்டு பார்த்தால் இந்தக் கோணல் தெரியவே தெரியாது. எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஒரே அளவைக் காட்டும். மூன்று முனைகளால் தொட்டு அளக்கும் கருவியை வைத்துத் திருப்பினால்தான் குட்டு வெளிப்படும்.

அனுபவமுள்ள செட்டர் என்ன செய்வார்? வளையத்தின் வெளி விட்டத்துக்கே பொருந்தும்படி மென்மையான தாடைகளைக் கடைந்து, வளையத்தைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கச் செய்வார். அழுத்தத்தைக் குறைப்பார். முதலில் முக்கால் வேலையை முடித்துவிட்டு, சக்கைத் தளர்த்தி, மறுபடி லேசாகப் பிடித்துக் கடைசி வெட்டைக் கொடுப்பார். அல்லது பக்கவாட்டில் பிடிக்காமல் முகப்பிலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு ஃபிக்ஸ்சர் செய்துகொள்வார். காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஸ்பிண்டில் சூடேறி நீளும் என்பதால், அப்போது வரும் துண்டுகளைத் தனியே வைத்து அளக்கச் சொல்வார். இவற்றில் எதுவும் வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தில் இருக்காது. சி.என்.சி. இயந்திரத்தின் புரோகிராமில் வெட்டும் வேகமும் ஆழமும் இருக்கும். சக்கின் அழுத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும், எந்தத் தாடையைப் போட வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது.

கம்ப்யூட்டர் இயந்திரம் வந்துவிட்டால் கைப்பக்குவம் தேவையில்லை என்று 1980களில் பலரும் நம்பினார்கள். நடந்தது வேறு. ஓட்டுவதற்குப் பக்குவம் குறைவாகத் தேவைப்பட்டது. ஓடும்படி அமைத்துக் கொடுப்பதற்கு அதிகமாகத் தேவைப்பட்டது. பத்து இயந்திரங்களுக்கு ஒரு செட்டர் என்று ஆனபோது, பட்டறையின் அறிவு பத்துப் பேரிடமிருந்து ஒருவரிடம் சுருங்கியது. ஆபத்தும் அங்கேயே குவிந்தது.

பழைய நினைவிலிருந்து புதிய பொருள்

புதுமை என்றாலே ஆராய்ச்சிக்கூடம், காப்புரிமை, வெள்ளைக் கோட்டு என்ற படம்தான் மனதில் எழுகிறது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் இவை எதுவும் கிடையாது. அங்கே புதுமை என்பது பழைய வேலைக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கும். நேற்றுச் செய்த ஒன்றின் பாடத்தை இன்று வேறொரு பொருளுக்குப் பயன்படுத்துவதே அதன் வழி.

மின்சார வாகனங்கள் இதற்கு நல்ல சோதனையாக வந்திருக்கின்றன. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன், வால்வு, கேம் தண்டு, சிலிண்டர் என்று சிறு பட்டறைகளுக்குச் சோறு போட்ட உறுப்புகள் ஏராளம். மின்சார ஸ்கூட்டரில் இவற்றுக்கு வேலையில்லை. ஓசூரைச் சுற்றி வாகன ஆலைகளே இப்போது மின்சார ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் காலத்தில், எஞ்சின் உறுப்பை மட்டும் நம்பியிருக்கும் பட்டறையின் கதி கவலைக்குரியதே. ஆனால் மின்சார மோட்டாருக்கு ஓர் அலுமினியக் கூடு வேண்டும். மெல்லிய சுவர்; பெரிய துளை. கூட்டைச் சூடாக்கி விரியச் செய்து, உள்ளே ஸ்டேட்டரை இறக்கி, குளிர்ந்ததும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும்படி செய்வது ஒரு வழக்கமான முறை. துளை வட்டமாக இல்லாவிட்டால் ஸ்டேட்டர் ஒரு சீராகப் படியாது. வெப்பம் வெளியேறுவதும் தடைப்படும். அதாவது, அதே மெல்லிய வளையம். அதே மூன்று மூலைக் கோணல்!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பம்புக்கோ பேரிங்குக்கோ வளையம் கடைந்து, கழிவு போட்டு, நஷ்டப்பட்டு, கடைசியில் வழி கண்டுபிடித்த பட்டறைக்கு இந்தப் புதிய வேலை முற்றிலும் புதியதல்ல. அந்த அனுபவம் நினைவில் இருந்தால், வரைபடம் வந்த அன்றே எத்தனை முறை பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரமாகும், எவ்வளவு கழிவு போகும் என்று கணக்கிட்டுச் சரியான விலை சொல்ல முடியும். நினைவு இல்லாத பட்டறையும் விலை சொல்லத்தான் செய்யும். குறைத்துச் சொல்லி ஆர்டரைப் பிடித்து, மூன்றாம் மாதத்தில் கையைச் சுட்டுக்கொள்ளும். பட்டறை அறிவு முதன்முதலாகப் பணமாக மாறும் இடம் இயந்திரம் அல்ல, கொட்டேஷன் காகிதம்தான். இதை நிர்வாக நிபுணர்கள் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு படியும் உண்டு. “இந்த முனையில் சற்று வளைவு கொடுத்தால் கருவி உடையாது, இந்த இடத்தில் இவ்வளவு துல்லியம் தேவையா?” என்று வாடிக்கையாளரிடம் திரும்பிக் கேட்கும் பட்டறை, கூலி வேலை செய்யும் நிலையிலிருந்து வடிவமைப்பில் பங்குகொள்ளும் நிலைக்கு உயர்கிறது. அப்படிக் கேட்க வேண்டுமானால் முன்பு எத்தனை கருவி உடைந்தது, எங்கே உடைந்தது என்ற விவரம் கையில் இருக்க வேண்டும்.

ஓட்டல் சமையல்காரரும் ரொட்டி இயந்திரமும்

சொல்லில் வராத அறிவைப் பற்றி மேல்நாட்டில் மைக்கேல் பொலானி என்ற அறிஞர் 1960களிலேயே விரிவாக எழுதினார். அதைத் தொழில் நிர்வாகத்தோடு இணைத்துப் பிரபலமாக்கியவர்கள் நொனாகா, டாக்கியூச்சி என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள். 1995இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் மாட்சுஷிட்டா கம்பெனியின் ரொட்டி இயந்திரக் கதை வருகிறது. 1980களின் நடுவில் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க அக்கம்பெனி முயன்றது. மாவு பிசைவது சரிப்படவில்லை. வெளியே கருகியது; உள்ளே வேகவில்லை. ஒஸாகா நகரின் ஓர் ஓட்டலில் ரொட்டி சுடுவதில் பெயர் பெற்ற தலைமைச் சமையல்காரரிடம் கம்பெனியின் பெண் ஊழியர் ஒருவர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமையல்காரர் மாவைப் பிசைவதோடு நில்லாமல், இழுத்து முறுக்குகிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். எஞ்சினீயர்கள் அதற்கேற்ப இயந்திரத்தின் உட்புறத்தில் வரிப்பட்டைகள் அமைத்தார்கள். 1987இல் இயந்திரம் விற்பனைக்கு வந்து நன்றாக விற்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சமையல்காரரிடம் போய், “உங்கள் முறையை எழுதிக் கொடுங்கள்” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால் எழுதியிருக்க முடியாது. பக்கத்தில் நின்று, கையால் செய்து பார்த்த ஒருவர்தான் அதைச் சொல்லாக மாற்றினார். பட்டறைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து “தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள்” என்று செட்டரிடம் சொல்லும் முதலாளிகள், அந்த நோட்டு ஏன் காலியாகவே திரும்பி வருகிறது என்று வியக்கத் தேவையில்லை.

சொல்லிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

நோட்டு காலியாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

தொழிலாளிக்கு அவன் அறிவுதான் முதல். நிலமில்லை, பங்கு இல்லை, பெரும்பாலான சிறு பட்டறைகளில் சொல்லிக்கொள்ளும்படியான பென்ஷனும் இல்லை. “அவர் வந்தால்தான் அந்த ஜாப் ஓடும்” என்ற பேச்சு மட்டுமே அவனுக்குப் பாதுகாப்பு. அந்த அறிவை முழுவதும் வீடியோ எடுத்து வைத்துவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு இன்னொருவனை வைத்துக்கொள்ள முதலாளிக்கு வழி பிறக்கிறது. இந்தப் பயம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

முதலாளிக்கும் பயம் உண்டு. சொல்லிக் கொடுத்து ஆளாக்கிய பையன், மாதம் இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கிடைத்தால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவான். கூடவே நுணுக்கமும் போகும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவனை அவன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே “போட்டியாளரிடம் சேரமாட்டேன்” என்று எழுதி வாங்குவதில் அதிகப் பயனில்லை. தொழில் ரகசியங்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என மத்திய சட்டக் கமிஷன் 2024 மார்ச்சில் தன் 289ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்து, ஒரு மாதிரி மசோதாவையும் இணைத்தது. பெரிய கம்பெனிகளுக்கு அது உதவலாம். பத்து லேத் வைத்திருப்பவர், ஓடிப்போன செட்டர்மீது வழக்குப் போட்டு வக்கீல் வீட்டுக்கு அலைவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

மூன்றாவது பயம் வாடிக்கையாளரைப் பற்றியது. செய்முறைத் தாளையும் அடக்கவிலை விவரத்தையும் திறந்து காட்டச் சொல்வது பெரிய கம்பெனிகளின் வழக்கம். காட்டிய பிறகு ‘இவ்வளவு நேரம் மிச்சமாகிறதே, விலையைக் குறை’ என்று கேட்பதும் வழக்கம். பட்டறை மூளையைச் செலவழித்துக் கண்டுபிடித்த சிக்கனத்தின் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்தால், புதுமை செய்ய ஏன் பலரும் தயங்குகிறார்கள் என்பது புரியும்.

ஆகவே இது கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பிரச்சினை மட்டுமல்ல. நம்பிக்கைப் பிரச்சினை, பங்கீட்டுப் பிரச்சினை. அறிவைக் கொடுப்பவனுக்கு அதனால் என்ன லாபம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் நடக்காது.

பணம் கொடுத்தாலும் சிக்கல்

அப்படியானால் எழுதித் தருகிறவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். அதையும் பெங்களூரிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். இன்போசிஸ் கம்பெனி 2000ஆம் ஆண்டு வாக்கில், தங்கள் அனுபவங்களைக் கட்டுரையாக எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் ஊழியர்களுக்குப் புள்ளிகள் வழங்கியது. புள்ளிகளுக்குப் பண மதிப்பும் உண்டு. விளைவு, கட்டுரைகள் வெள்ளமாக வந்து குவிந்தன. எது உபயோகமானது, எது புள்ளிக்காக எழுதியது என்று பிரிப்பதே பெரும் வேலையாகிவிட்டது. பிறகு அந்த முறையைத் திருத்தி, எழுதுவதற்காக அல்லாமல், பிறர் அதை உபயோகித்துப் பலன் பெற்றதற்காகப் பாராட்டும் வழிக்கு அக்கம்பெனி திரும்பியது. அவ்வளவு பெரிய, படித்தவர்கள் நிறைந்த கம்பெனியே தடுமாறிய இடம் இது. சிறு பட்டறைகள் அந்த அனுபவத்தைச் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் அறிவுக்கு இன்னொரு சான்று ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்றிதழ். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், நிறுவனம் தன் வேலைக்குத் தேவையான அறிவை இனங்கண்டு காப்பாற்ற வேண்டும் என்ற விதி புதிதாகச் சேர்க்கப்பட்டது. நல்ல விதி. ஆனால் பெரிய கம்பெனிகளின் சப்ளையர் பட்டியலில் இடம் பிடிப்பதற்காகவே சான்றிதழ் வாங்கும் பட்டறைகளில், இந்த விதிக்கென்று ஒரு கோப்பு தயாராகி, ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படுகிறது. கோப்பைத் தயாரிப்பவர் வெளியிலிருந்து வரும் ஆலோசகர். செட்டரின் கண்ணில்கூட அது பட்டிருக்காது.

விமான உறுப்புகள் செய்யும் பட்டறைகள் இதற்கு விலக்கு. அங்கே முதல் துண்டின் ஒவ்வோர் அளவையும் பதிவு செய்தாக வேண்டும். எந்த உலோகக் கட்டியிலிருந்து, எந்தத் தேதியில், யார் கையால் வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடிய வேண்டும். கட்டாயத்தின் பேரில் வந்த பழக்கம்தான். ஆனாலும் பழக்கம் படிந்த பிறகு, டைட்டானியம் போன்ற முரண்டு பிடிக்கும் உலோகத்தைப் புதிதாக எடுக்கும்போது அந்தப் பதிவுகளே அவர்களுக்குக் கைகொடுக்கின்றன.

பிரோசாபாத் கொத்தனார்கள்

ஒரு பட்டறைக்குள் அறிவைக் காப்பது ஒரு பக்கம். ஓர் ஊர் முழுவதும் அது பரவுவது மற்றொரு பக்கம். இதற்கு உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நல்ல உதாரணம். கண்ணாடி வளையல்களுக்குப் பெயர்போன ஊர் அது. தாஜ்மகாலைப் புகையிலிருந்து காப்பதற்காக, அந்த வட்டாரத் தொழில்கள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வளையலுக்கான வண்ணக் கண்ணாடியை உருக்கும் பானை உலைகள் அதுவரை நிலக்கரியில் ஓடியவை. எரிவாயுவுக்கு ஏற்ற, வீணாகும் வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் உலை ஒன்றை டெல்லியின் டேரி நிறுவனம் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு வடிவமைத்து, அங்கேயே கட்டி, ஓட்டிக் காட்டியது.

வரைபடத்தை அச்சடித்து விநியோகித்ததால் மட்டும் அது பரவவில்லை. உலை கட்டும் உள்ளூர்க் கொத்தனார்களும் ஃபேப்ரிகேட்டர்களும் முதல் உலையைக் கட்டும்போதே கூட இருந்து கற்றுக்கொண்டார்கள். பிறகு ஒரு முதலாளியிடமிருந்து மற்றொரு முதலாளிக்கு அவர்களே அந்த அறிவைச் சுமந்து சென்றார்கள். சிறுதொழில்கள் நிறைந்த ஊரில் இப்படிப்பட்ட நடமாடும் கைவினைஞர்களே பல்கலைக்கழகம். அறிவை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகிறான் என்று பீன்யா முதலாளி அஞ்சும் அதே நடமாட்டம், ஊர் என்ற அளவில் பார்த்தால் லாபமாக இருக்கிறது. இரண்டும் உண்மை. எந்த நுணுக்கம் பட்டறைக்குள் இருக்க வேண்டியது, எது பொதுவில் இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. வெப்பப் பதனத்தில் உருக்கு கோணாமல் காப்பது எப்படி என்பது பொதுவில் இருக்கலாம். ஒரு வாடிக்கையாளரின் வரைபடத்துக்குச் செய்த ஃபிக்ஸ்சர் பட்டறைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜப்பானில் மாவட்டந்தோறும் உள்ள பொதுச் சோதனைக்கூடங்கள் இந்தப் பொது அறிவைச் சிறுதொழில்களுக்காகக் காத்து வருகின்றன. நம் நாட்டிலும் லூதியானாவில் சைக்கிள், தையல் இயந்திரத் தொழிலுக்கென ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார்த் தொழிலுக்கென சிடார்க் சோதனைக்கூடம் இருக்கிறது. பொருளைச் சோதித்துச் சான்று தருவதோடு நில்லாமல், எந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது, எப்படித் தீர்ந்தது என்பதையும் பெயர் குறிப்பிடாமல் தொகுத்துத் தந்தால் அவற்றின் பயன் பன்மடங்காகும்.

கர்நாடகத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கோலார் தங்கவயலும் இங்கு நினைவுக்கு வருகிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஆழத்தில் பாறை வெடிப்பது பற்றித் தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு, 1988இல் அங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் அமைந்திருந்ததால், நீர்மின் திட்டச் சுரங்கப் பாதைகளுக்கு இன்றும் உதவுகிறது. நிலையத்தின் ஏடுகளில் ஏறாத தொழிலாளியின் கைவேலை நுணுக்கம் சுரங்கத்தோடு போனது. அவர்களுடைய பிள்ளைகள் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேறு வேலைகளுக்கு வருகிறார்கள்.

திட்டங்கள் இருக்கின்றன, ஆனால்...

மத்திய அரசிடம் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. குறைபாடற்ற உற்பத்திக்கான ‘ஜெட்’ சான்றிதழ் 2016இல் தொடங்கி 2022இல் புதுப்பிக்கப்பட்டது. குறுந்தொழில்களுக்கு 80 சதவீதம், சிறுதொழில்களுக்கு 60 சதவீதம் கட்டண மானியம். 2023 மார்ச்சில் புதுப்பித்த ‘லீன்’ திட்டத்தில், ஆலோசகருக்கான செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. புதிய யோசனைகளுக்கும் வடிவமைப்புக்கும் காப்புரிமைக்கும் நிதி தரும் ‘இன்னொவேட்டிவ்’ திட்டம் 2022இல் வந்தது. உத்யம் தளத்தில் பதிவான தொழில்கள் 2025இல் 6 கோடியைத் தாண்டின. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இத்திட்டங்கள் எட்டியவர்கள் கொஞ்சம் பேரே என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, இவை யாவும் வெளியிலிருந்து அறிவைக் கொண்டுவந்து பட்டறைக்குள் கொட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை. பட்டறைக்குள் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக் காப்பாற்றுவதற்கு இவற்றில் தனி இடமில்லை.

பெரிய செலவு இதற்குத் தேவையில்லை. கழிவான துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி: என்ன கோளாறு, என்ன செய்து தீர்ந்தது, தேதி. இதுவே மூன்று ஆண்டுகளில் பட்டறையின் பெரும் பொக்கிஷமாகிவிடும். புதிய ஜாப் அமைக்கும்போது செட்டர் செய்வதைப் பத்து நிமிடம் செல்போனில் படமெடுத்து, ஜாப் எண்ணைப் போட்டு ஒரே இடத்தில் சேர்ப்பது இன்னொன்று. இன்று பல பட்டறைகளில் வரைபடமும், கோளாறின் போட்டோவும், அளவு விவரமும் முதலாளியின் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகைகளோடு கலந்து கிடக்கின்றன. போன் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

வீடியோவுக்கு இன்னொரு தேவையும் வந்திருக்கிறது. பழைய செட்டர்கள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞர்கள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். வாய்மொழியாக இறங்கிவந்த அறிவுக்கு நடுவில் மொழி ஒரு சுவராக நிற்கிறது. கையின் அசைவைக் காட்டும் படத்துக்கு மொழி தேவையில்லை.

செட்டரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம். அவர் சொல்லிக் கொடுத்த முறையால் ஒரு ஜாப்பில் கழிவு குறைந்தால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்கு எத்தனை மாதம் வரை சேரும் என்று முன்கூட்டியே பேசி வைப்பது ஒரு வழி. வயதானவரை முழு நேர வேலையிலிருந்து விடுவித்து, வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியாளராக, அதே மரியாதையோடு வைத்துக்கொள்வது மற்றொரு வழி. ஒரு பட்டறையால் தனியாக இயலாவிட்டால் நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம்; பேட்டையின் சங்கம் அதற்கு ஏற்பாடு செய்யலாம். ‘லீன்’ திட்டத்தின் ஆலோசகர் பட்டியலில் பட்டம் பெற்ற நிபுணர்களோடு, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓய்வுபெற்ற செட்டர்களையும் சேர்க்க விதியைத் தளர்த்தினால், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அரசிடமிருந்தே வரும். சிறுதொழில் சங்கங்கள் அடுத்த முறை டெல்லிக்கு மனுக் கொண்டுபோகும்போது கடன், மின்சாரம், நிலுவை ஆகியவற்றுக்குக் கீழே இதையும் ஒரு வரி எழுதலாம். காலம் அதிகமில்லை. 1980இல் இருபத்திரண்டு வயதில் பீன்யாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 2025இல் வயது அறுபத்தேழு.